ஆற்றுக்குப் போகும் ஏடுகள்

1925ஆம் ஆண்டு கொங்கு நாட்டில் இரண்டு பொறிகள் தோன்றின. ஒன்று, ஈரோட்டில் மே திங்கள் 2ஆம் நாள் பெரியார் ஏற்றிவைத்த 'குடிஅரசு' என்னும் தீப்பொறி. மற்றொன்று, திருப்பூரில் குலாம் காதர் என்பார் 'பேபி நிட்டிங்' என்ற பெயரில் நிறுவிய பின்னற்பொறி. அவ்வூரின் முதற் பனியன் தொழிலகம் அதுவே என்று தொழில் வரலாறு எழுதுவோர் குறிக்கின்றனர். முதற்பொறியின் கதை நம் மன்றங்களில் மனப்பாடம். இரண்டாம் பொறியின் கதையை அறிந்தோர் எத்தனை பேர்? அப்பொறியின் வழிவந்த தொழில் இன்று ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஆடை ஏற்றுமதி செய்கிறது. அதில் உழைக்கும் இலட்சக்கணக்கான தோழர்களிலும் அப்பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

திருப்பூருக்கு நூல் புதிதன்று. பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்கி, துணியை ஆடையாக்கி வாழும் ஊர் அது. அறிவு தரும் ஏட்டுக்கும் 'நூல்' என்றே பெயர் வைத்த மொழி தமிழ். இரண்டு நூலுக்கும் உவமை காட்டி விளக்கியது நன்னூல். பனியன் வாங்க வரும் வெளியூர் வணிகர் புகைவண்டியை விட்டு இறங்கியதும் வழி கேட்பது காதர்பேட்டைக்கு. அப்பெயர் ஒரு நாளில் ஆயிரம் வாயில் ஒலிக்கிறது. அதே கடைத்தெருவில் நின்று, முஸ்லிம் புலவர் எழுதிய தமிழ் நூல் ஒன்றின் பெயர் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். நன்கு படித்தவர் 'சீறாப்புராணம்' என்பார்; பள்ளிப் பாடத்தில் நான்கு செய்யுள் நெட்டுருச் செய்த நினைவு. அதற்குமேல் அமைதி. முஸ்லிம் அல்லாதாரின் அறியாமைக்கு ஒரு சாக்கேனும் உண்டு. முஸ்லிம் இளைஞரைக் கேட்டாலோ, "அதெல்லாம் அரபியில் இருக்கும், அசரத்துக்குத் தெரியும்" என்ற மறுமொழியே பெரும்பாலும் வரும்.

அரபியிலா இருக்கிறது? இல்லை, தோழர்களே! தமிழில் இருக்கிறது. தமிழர் எழுதியது, தமிழருக்காக எழுதியது. எழுதியோர் எண்ணிக்கையும் சிறிதன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்கள் என்று இத்துறை அறிஞர் மதிப்பிட்டிருக்கின்றனர். அவற்றில் ஒரு பகுதி அச்சேறி மறைந்தது. ஒரு பகுதி பெட்டியில் உறங்குகிறது. ஒரு பகுதி எப்படிப் போயிற்று என்பதை நினைத்தால்தான் நெஞ்சு கொதிக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில், இம்மக்கள் எங்கிருந்தோ வந்து இறங்கியவர் என்னும் பொய்யைத் துடைத்துவிட வேண்டும். கொங்கு நாட்டு முஸ்லிம்களில் பெருந்தொகையினர் ராவுத்தர்கள். குதிரையோடும் குதிரை வாணிகத்தோடும் சேர்த்துப் பேசப்படும் பெயர் அது. அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே 'இராவுத்தன்' என்று அழைத்திருக்கிறார். வைதிகத்தில் ஊறிய பாவலரின் நாவிலும் அச்சொல் பெருமைக்குரிய சொல்லாய் இருந்த காலம் ஒன்று உண்டு. இவர்களேயன்றி, மைசூர் ஆட்சி தாராபுரம், காங்கேயம் வரை பரவியிருந்த நாளில் வந்த தக்கணி உருதுக்காரரும் இருக்கின்றனர். பின்னாளில் பனியன் தொழில் வளர, இராமநாதபுரத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களும் சேர்ந்தனர். தமிழ் பேசும் முஸ்லிமுக்குத் தமிழ் தாய்மொழி. அவன் தாலாட்டும் தமிழ், ஒப்பாரியும் தமிழ், வசவும் தமிழ்.

அவர்கள் எழுதிய நூல்களில் முழுமையாகக் கிடைத்திருப்பவற்றுள் பழையது எது தெரியுமா? 'ஆயிரம் மசலா.' 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றியது. 'மசலா' என்ற அரபுச் சொல்லுக்குக் கேள்வி என்பது பொருள். ஆயிரம் கேள்வி! அப்துல்லா இபுனு சலாம் என்னும் யூத அறிஞர் நபிகள் நாயகத்திடம் வருகிறார். நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். வானம் எப்படி, பூமி எப்படி, உயிர் எப்படி என்று அடுக்கடுக்காய்க் கேட்கிறார். விடை கிடைத்து நிறைவடைந்த பிறகே ஏற்றுக்கொள்கிறார். அந்த விடைகள் அனைத்தையும் இன்றைய அறிவியல் ஏற்குமா என்றால், ஏற்காது, நாமும் ஏற்கவில்லை. ஆயினும், கேட்காதே என்று வாயைப் பொத்துவதே சமயம் என்று பழகிப்போன நாட்டில், கேள்வியையே காவியமாக்கி அரங்கேற்றிய புலவனை நாம் எப்படி மறக்கலாம்?

இந்த நூலுக்கு உலகம் சுற்றிய வரலாறும் உண்டு. அரபு மொழியில் தோன்றிய இக்கேள்விக் கதை, 12ஆம் நூற்றாண்டிலேயே இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா சென்றது. பாரசீகத்திலும் மலாயிலும் சாவக மொழியிலும் அது உண்டு. தமிழ், மலாய், சாவகம் ஆகிய மூன்று வடிவங்களையும் ஒப்பிட்டு ரோனித் ரிச்சி என்னும் பெண்ணறிஞர் 2011இல் ஒரு பெரும் ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். எங்கோ இருப்பவர் தமிழ் கற்று நம் நூலை ஆராய்கிறார். இங்கே, தமிழ் பேசும் நாம், அதன் பெயரைக் கேட்டதும் கறிக்குப் போடும் மசாலாவா என்று நகைக்கிறோம்.

சீறாவைப் பற்றிச் சில சொல். எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்ற உமறுப் புலவர், கீழக்கரைச் சீதக்காதியும் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் துணைநிற்க, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுளில் நபிகள் வரலாற்றைப் பாடினார். ஆசிரியர் இந்து, மாணவர் முஸ்லிம், கற்றதும் கற்பித்ததும் தமிழ். அரபு நாட்டை வருணிக்க வந்த உமறு, ஆற்று வெள்ளத்தையும் வயலையும் உழவரையும் கொண்டுவந்து வைக்கிறார். பாலைவனத்தில் நெல் விளையுமா என்று புன்னகைப்போர் புன்னகைக்கட்டும். தமிழன் எந்த நாட்டைக் கனவு கண்டாலும் மருத நிலமாகத்தான் காண்கிறான்! இந்நூல் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது 1842இல். காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அதைப் பதிப்பித்தார். 'புலவர் நாயகம்' என்று போற்றப்பட்டவர் அவர். உ. வே. சாமிநாதையர் பிறந்ததே 1855இல் என்பதை நினைவிற் கொண்டால், ஏடு தேடி அச்சிட்ட முன்னோடிகளின் வரிசையில் இவரையும் நிறுத்த வேண்டியதன் தேவை விளங்கும். நம் பதிப்பு வரலாறுகள் அவருக்குத் தரும் இடம் சிறிது.

இவையெல்லாம் தமிழெழுத்தில் உள்ளவை. தேடினால் கிடைப்பவை. நாம் சொல்ல வந்த பெருஞ்செய்தி, தமிழாய் இருந்தும் தமிழெழுத்தில் இல்லாத நூல்களைப் பற்றியது.

அரபுத் தமிழ் என்றும் அர்வி என்றும் சொல்வர். மொழி தமிழ்; எழுத்து அரபு. வலமிருந்து இடமாக ஓடும். அரபு நெடுங்கணக்கில் ட, ண, ள, ழ, ங, ஞ போன்ற ஒலிகளுக்கு எழுத்தில்லை. எகர ஒகரமும் இல்லை. ஆகவே இருக்கின்ற எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளியும் குறியும் இட்டு, இல்லாத ஒலிகளுக்கு எழுத்துப் படைத்தனர். மறுபுறம், தமிழெழுத்தில் எழுதினால் திரிந்துபோகும் அரபுச் சொற்களை அவ்வண்ணமே எழுத அதில் முடிந்தது. காயல்பட்டினம், கீழக்கரை முதலான கடற்கரை ஊர்களில் பெருகி, இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் கப்பலேறியது இவ்வெழுத்து. 1835இல் இந்தியர் அச்சகம் வைக்கத் தடை நீங்கிய பின், கல்லச்சு வசதியாய் அமைந்தது. ஈய எழுத்துக்கு அடங்காத அரபு வரிவடிவத்தைக் கையால் எழுதியபடியே கல்லில் பதித்து அச்சிட முடிந்ததன்றோ? சட்டம், மருத்துவம், கதை, பாட்டு, மறை விளக்கம் என்று நூல்கள் குவிந்தன. கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் செய்யிது முகம்மது ஒருவரே பல நூல்களை இவ்வெழுத்தில் எழுதினார். மார்க்கச் சட்டம் கூறும் அவருடைய 'மஙானி' கடற்கரை இல்லங்களில் வழிவழியாகப் படிக்கப்பட்டது.

யார் படித்தனர் என்பதில்தான் நம் இளைஞர் கருத்தைச் செலுத்த வேண்டும். பெண்கள் படித்தனர்! 19ஆம் நூற்றாண்டில் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தமிழ்நாட்டில் எந்தச் சமயத்தார் முன்வந்தனர்? முஸ்லிம் வீட்டிலும் கோஷா இருந்தது; பள்ளிக்கூட வாயில் மூடியிருந்தது. ஆனால் குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தை வீட்டிலேயே சிறுமிக்குக் கற்பித்தனர். எழுத்து தெரிந்த சிறுமிக்கு அதே எழுத்தில் தாய்மொழி கிடைத்தது. பொருள் தெரியாமல் ஓதக் கற்றவள், பொருள் தெரிந்து படிக்கத் தொடங்கினாள். அடுக்களையில் கதை படித்தாள். மருத்துவக் குறிப்புப் படித்தாள். கடல் கடந்த கணவனுக்குக் கடிதம் எழுதினாள். அடைத்த வீட்டில் ஒரு பலகணி அது. போதுமா என்றால், போதாது, பலகணி வாயிலாகாது. எனினும், நான்கு சுவருக்குள் இருந்த தமிழ்ப் பெண்ணின் கையில் நூல் இருந்ததைக் காட்டும் சான்று எங்கெங்கு உண்டோ, அதைப் பொன்போலப் போற்றுவது நம் கடமை.

20ஆம் நூற்றாண்டு பிறந்தது. பள்ளிகள் பெருகின. தமிழெழுத்து எல்லார்க்கும் வந்தது. அது நன்மையே, அதை யாரும் பழிக்கமாட்டார். புதிய நூல்கள் தமிழெழுத்தில் வந்தன; கல்லச்சகங்கள் நின்றன. அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த பாட்டிமார் ஒவ்வொருவராய் மறைந்தனர். கதவு சாத்தப்பட்டது, உள்ளே இருந்தவற்றை வெளியே எடுத்துவைக்க யாரும் நினைக்கவில்லை.

இப்போது, பின்னர்ச் சொல்வோம் என்று நிறுத்திய செய்திக்கு வருவோம்.

முஸ்லிம் இல்லங்களில் அரபு எழுத்துள்ள தாளைக் குப்பையில் எறியமாட்டார். காலில் படவும் விடமாட்டார். பழுதான திருமறைத் தாள்களை மதிப்போடு மண்ணில் புதைப்பதும், ஆற்றிலும் ஆழ்கிணற்றிலும் இடுவதும் வழக்கம். மறைக்குச் செய்யும் மரியாதை அது. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் எழுத்தறியாதவன் கைக்கு அரபுத் தமிழ் ஏடு வந்தால் என்ன ஆகும்? பரணில் கிடந்த பெட்டியைத் திறக்கிறான். செல்லரித்த தாள், அதில் அரபு எழுத்து. இது மறையாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறான். கண்ணில் ஒற்றிக்கொள்கிறான், தூய துணியில் சுற்றுகிறான், ஆற்றுக்கு எடுத்துச் செல்கிறான். உள்ளே இருந்தது அவன் பாட்டி படித்த கதையாய் இருக்கலாம். அவன் ஊரின் வரலாறாய் இருக்கலாம். குழந்தைக் காய்ச்சலுக்குக் கைம்மருந்தாய் இருக்கலாம். வாய்விட்டுப் படித்திருந்தால் அவன் தாயின் மொழியிலேயே அது பேசியிருக்கும். பகைவன் கொளுத்தவில்லை, படையெடுப்பு அழிக்கவில்லை. பேரன் கும்பிட்டுக் கொன்றான்!

இது முஸ்லிமுக்கு மட்டும் உரிய பேதைமை என்று எவரும் தலைநிமிர வேண்டாம். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதையும் தீயிலிட்டதையும் உ. வே. சாமிநாதையர் வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார். சரசுவதி பூசையில் சந்தனமும் குங்குமமும் பூசிய ஏட்டை ஆண்டு முழுதும் திறவாமல், கரையான் தின்றபின் ஆற்றில் விட்டவன் யார்? நம் பாட்டன்தான். இரண்டு பாட்டன்மாரும் ஒரே ஆற்றங்கரையில் நின்றிருக்கின்றனர். இன்று திருப்பூரில் அந்தச் சடங்குக்கும் வழி குறைவு. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாடு நீதிமன்றம் வரை சென்று, 2011இல் சாய ஆலைகளை மூடச் சொல்லும் ஆணை பிறந்த கதையை ஊரே அறியும். ஏட்டுக்குக் கடைசி மரியாதை செய்யவும் ஆறு தகுதியாய் இல்லை!

பூட்டைத் திறக்க முயன்றவர்களும் அச்சமுதாயத்திலேயே இருந்தனர். இலங்கைக் கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தமிழில் தொடங்கினார். பள்ளிக்கூடம் வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும் என்று வாதாடினார். 1885இல் 'அசன்பேயுடைய கதை' என்னும் புதினம் எழுதினார். தமிழின் முதற் புதினங்களுள் அது ஒன்று. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்து நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்திருந்த அராபி பாசாவும் அவருடைய கல்வி முயற்சிக்குத் துணைநின்றார். 1892இல் கொழும்பில் தோன்றி இன்றும் நடக்கும் சாகிராக் கல்லூரி அம்முயற்சியின் விளைவு.

தமிழ்நாட்டில் பா. தாவூத்ஷாவின் பெயரைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறையாது. நாச்சியார்கோயில் பக்கத்துக்காரர். அரசாங்க நீதித்துறைப் பதவியை ஒத்துழையாமை நாளில் உதறியவர். 'தாருல் இஸ்லாம்' இதழைப் பல்லாண்டு நடத்தியவர். மறையைத் தமிழில் பெயர்த்துத் தமிழனுக்குக் கொடு என்றார். வெள்ளிக்கிழமை மேடையிலிருந்து சொல்லப்படும் குத்பா உரையைக் கேட்போர்க்குப் புரியும் தமிழில் சொல் என்றார். பெண்ணுக்கு மார்க்கம் தந்த உரிமையை ஆண் பறிக்காதே என்றார். விளைவு? மதத்தை விட்டு விலகியவர் என்று ஃபத்வா பிறந்தது. நமக்குப் பழக்கமான கதைதானே! புரியும் மொழியில் பேசு என்றவனைப் புரோகிதம் எங்கும் பொறுத்ததில்லை. கோயிலில் தமிழ் வேண்டும் என்றபோது எழுந்த கூச்சலும் இதே சுருதிதான். கூச்சல் ஓய்ந்தது, கோரிக்கை வென்றது. ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி பல்லாண்டு உழைத்துச் செய்த முழுமையான குர்ஆன் தமிழாக்கம் 1949இல் வெளிவந்தது. அவர் மதரசாவில் கற்றுத் தேறிய ஆலிம் என்பதைக் கவனியுங்கள்: ஆலிம்களில் ஒரு சாரார் தடுத்ததை ஆலிம் ஒருவரே செய்து முடித்தார். இன்று தமிழகத்துப் பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமைதோறும் தமிழில் உரை நிகழ்வது இயல்பாகிவிட்டது. அதற்காக ஏச்சுக் கேட்டவரை நினைப்போர்தாம் குறைவு.

நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் என்ற பெண், மூன்றாம் வகுப்பு வரையே படித்தவர், 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் புதினத்தை வெளியிட்டார். அதற்கு உ. வே. சாமிநாதையர் பாராட்டுரை எழுதினார். சீறாவின் பெரும்புலவரை உருவாக்கியது எட்டயபுரத்து ஆசிரியர் என்றால், நாகூர்ப் பெண்ணைத் தமிழுலகுக்கு அறிமுகம் செய்தவர் தமிழ்த் தாத்தா. 1907இல் சென்னையில் நூறு பொருளில் ஒருசேரக் கவனம் செலுத்தி வியப்பூட்டிய கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், வள்ளலாரின் அருட்பாவுக்காக மேடை ஏறி வாதாடியவர். குணங்குடி மஸ்தான் சாகிபைத் திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் நான்மணிமாலை பாடிப் போற்றினார். இப்படிக் கொண்டும் கொடுத்தும் வளர்ந்தவர்களை, ஒருவர் ஏட்டை மற்றவர் அறியாத அண்டைவீட்டு அயலாராக்கியது எது?

"நாம் பகுத்தறிவாளர், மத நூல்களைக் காக்கும் வேலை நமக்கெதற்கு?" என்று இளந்தோழர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சீறாவில் அற்புதங்கள் உண்டு, நாம் நம்பவில்லை. தர்காக்களில் நேர்ச்சை உண்டு, தாயத்து உண்டு, நாம் ஏற்கவில்லை. இஸ்லாம் பேசும் சமத்துவத்தைத் தீண்டாமை நோய்க்கு மருந்து என்று மேடைதோறும் முழங்கிய பெரியார், முஸ்லிம்களிடையே இருந்த கோஷாவையும் கொடி, கூடு விழாக்களையும் கண்டிக்கத் தயங்கியதில்லை. ஆனால் கண்டிப்பதற்கும் படிக்க வேண்டும்; பாராட்டுவதற்கும் படிக்க வேண்டும். படியாதவன் செய்யக்கூடியவை இரண்டே: ஒன்று கும்பிடுவான், அல்லது வெறுப்பான். கும்பிட்டவன் ஏட்டை ஆற்றில் விட்டதைப் பார்த்தோம். வெறுத்தவன் செய்ததையும் திருப்பூர் தொலைவிலிருந்து பார்க்கவில்லை. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், கோவையில், 1997 நவம்பர் இறுதியில் ஒரு காவலர் கொலையுண்டதைத் தொடர்ந்த வெறியாட்டத்தில் 18 முஸ்லிம்கள் மாண்டனர். 1998 பிப்ரவரி 14ஆம் நாள் வெடித்த குண்டுகளில் 58 பேர் மாண்டனர். புலவர் பெயர் தெரிந்திருந்தால் கத்தி நின்றிருக்கும் என்று சொல்லும் அளவுக்கு நாம் வெகுளிகள் அல்லோம். அந்தப் பகைக்கு வணிகப் போட்டியும் அரசியல் ஆசையும் உண்டு. எனினும், அண்டைவீட்டானை அந்நியன் என்று சொல்லிக் கொடுக்க வந்தவனுக்கு வேலை எளிதாய் இருந்ததே, ஏன்? "அவன் உமறு பிறந்த ஊர்க்காரன் அல்லவா?" என்று திருப்பிக் கேட்க, கூட்டத்தில் ஒருவனும் இல்லை.

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் வேறு காட்சி. அரபு எழுத்தில் மலையாளம் எழுதும் வழக்கம் அங்கும் இருந்தது. 1892இல் மறைந்த மோயின்குட்டி வைத்தியர் அவ்வெழுத்தில் காதற்கதையும் போர்ப்பாட்டும் எழுதினார். அவர் பெயரால் கொண்டோட்டியில் மாப்பிளைக் கலைக்கழகம் இயங்குகிறது. மாப்பிளைப்பாட்டை அங்கே எல்லாச் சமயத்தாரும் பாடுகின்றனர். இளைஞர் விழாக்களில் போட்டி வைக்கின்றனர். பாட்டு பள்ளிவாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. தெரு அதைக் காப்பாற்றியது. நம்மிடம் பாட்டு குறைவா? தெருவுக்குக் கொண்டுவந்தவர் குறைவு.

ஆராய்ச்சி நடக்கவில்லை என்று சொல்வது நன்றி மறப்பதாகும். இலங்கைப் பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ், தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டைப் பற்றி 1953இலேயே ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். 1973இல் திருச்சியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடிற்று. 1979இல் உவைஸ் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கெனப் பேராசிரியராய் அமர்ந்தார். அவரும் பீ. மு. அஜ்மல்கானும் எழுதிய 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' தொகுதி தொகுதியாய் வெளிவந்தது. தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் அரபுத் தமிழ் வரலாற்றைப் பெருநூலாய் எழுதினார். சீறாப்புராணம் மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் காசின்றிக் கிடைக்கிறது. ஈழத்து முஸ்லிம் இதழ்களும் நூல்களும் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தில் பக்கம் பக்கமாய் ஏறியுள்ளன. எல்லாம் இருக்கின்றன. பேராசிரியர் அறிவர். எட்டு மணிக்குச் ஷிப்டு முடித்து, தேநீர்க் கடை வாயிலில் கைப்பேசியைத் தடவி நிற்கும் கட்டிங் மாஸ்டர் அறியார். பீஸ் ரேட்டுக்குத் தைத்து ஓய்ந்த பெண் அறியாள். அவர்கள் கைக்கு எட்டாத பாரம்பரியம், பெட்டியில் இருந்தாலென்ன, பல்கலைக்கழகத்தில் இருந்தாலென்ன, மின்வலையில் இருந்தாலென்ன?

மக்கள் கைக்குக் கொண்டுசேர்க்கும் வழியைப் பிறர் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் தையற்கடையிலும் ஒருவர் இதழைப் படிக்க, பத்துப்பேர் கேட்டு வளர்ந்தது நம் இயக்கம். எழுத்தறியாதவரும் ஏட்டின் செய்தி அறிந்தனர். ஊர்தோறும் படிப்பகம் வைத்தோம். அதே படிப்பக மேசையில் 'ஆயிரம் மசலா' ஏன் இருக்கக் கூடாது? கேள்வியை ஒருவரும் விடையை ஒருவருமாக வாரம் பத்துச் செய்யுள் படிக்கலாம். விடை தவறென்று தோன்றினால், ஏன் தவறு என்று இக்கால அறிவியலைக் கொண்டு மூன்றாமவர் சொல்லலாம். முஸ்லிம் தோழரும் முஸ்லிம் அல்லாத தோழரும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்து கேட்கட்டும். பள்ளிவாசல் சார்ந்த மாலை மதரசாக்களிலும் ஒரு வேலை இருக்கிறது. அங்கே சிறுவர் சிறுமியர் அரபு எழுத்தைக் கற்றே தீருகின்றனர். அதனோடு அரபுத் தமிழுக்கென்று கூட்டிய சில எழுத்துகளையும் சேர்த்துக் கற்பித்தால், பாட்டியின் ஏட்டைப் படிக்கும் பேத்தி ஊருக்கு ஒருத்தியேனும் கிடைப்பாள். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஜமாஅத்தாரின் இசைவும் ஒரு பழைய எழுத்துப் பாடமும் போதும். மார்க்கத்துக்கு இதில் இழுக்கென்ன? தமிழில் ஓதக் கேட்டால் மறை குறைந்துவிடும் என்று அஞ்சிய காலத்தைத் தாவூத்ஷா தாண்டிவைத்துவிட்டார்.

அதுவரை ஒன்று செய்யலாம். தெற்கிலிருந்து வந்து திருப்பூரில் குடியேறிய குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சொந்த ஊர் செல்கின்றன. நம் முஸ்லிம் தோழர்கள் அப்போது பரணில் ஏறிப் பார்க்கட்டும். அரபு எழுத்தில் பழைய தாள் கண்டால், துணியில் சுற்றுவதற்கு முன், தெருவில் மிச்சமிருக்கும் முதிய பெண்மணி ஒருவரிடம் கொண்டுபோய், முதல் வரியை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வருவது மறைமொழியானால், வழக்கப்படி செய்க. தமிழ் வந்தால், ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் படிக்கப் படிக்கக் குரலையும் பதிந்துகொள்ளுங்கள். பிறகு மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். தமிழெழுத்தில் பெயர்த்தெழுத, உடன் அமர நாம் வருகிறோம்.